முன்னங்காலைப் பார்த்து மயங்காதீர்கள்

குதிரை கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிரெஸ்ஸாஜ் பற்றியவை. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் அணித் தங்கம் வாங்கி, குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடத் தங்க வறட்சியைத் தீர்த்து வைத்தார்கள் அல்லவா, அப்போதிலிருந்தே இப்படித்தான். இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களத்தில் வாக் (நிதான நடை), டிராட் (இரண்டு தாளத் துள்ளோட்டம்), கேன்டர் (மூன்று தாளத் தாவலோட்டம்) என்ற மூன்று நடைகளையும், அவற்றுக்குள் வளைவு, பக்கவாட்டு நடை, நின்ற இடத்திலேயே டிராட் என்று பலவற்றையும் குதிரை செய்து காட்ட வேண்டும், நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்து கிளப் குதிரைகளில் ஏறிப் பழகியவள், டிரெஸ்ஸாஜில்தான் ஆர்வம். ஜெர்மனியிலுள்ள ஒரு தரகர் மூன்று வயது ஹனோவரியன் இனக் குதிரையின் வீடியோவும் படங்களும் அனுப்பியிருக்கிறார். டிராட்டில் அது முன்னங்காலை நேராக நீட்டி எறிகிற அழகைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் நிற்கிற படத்தில் பின்பக்கம் தூக்கலாகத் தெரிகிறது. கோச் வேண்டாம் என்கிறார், தரகர் வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தகப்பன், பெங்களூரு

பதில்: பின்பக்கம் தூக்கலாக இருப்பதை மட்டும் வைத்துக் கேட்டால் தரகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளங்குதிரை ஒரே சீராக வளராது. பின்பக்கம் ஒரு தடவை எழும்பும், அப்புறம் முன்பக்கம் எட்டிப் பிடிக்கும், மறுபடி பின்பக்கம். வித்தர்ஸ், அதாவது பிடரி முடி முடிகிற இடத்திலுள்ள முதுகு மேடு, நான்கைந்து வயதுவரை கூட மெதுவாக உயரும். அதனால் மூன்று வயதில் வித்தர்ஸுக்கும் புட்டத்துக்கும் கோடு போட்டுப் பார்ப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

அதற்குப் பதிலாக இரண்டு மூட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் முழங்கை எலும்பின் நுனி, பின்னங்காலில் ஸ்டைஃபிள். ஸ்டைஃபிள் என்பது நம் முழங்காலுக்குச் சமமான மூட்டு, வயிற்றின் ஓரத்தில் விலாவுக்குக் கீழே இருக்கும். குதிரை சமதளத்தில் நிற்கும்போது முழங்கை ஸ்டைஃபிளைவிட மேலே இருந்தால் இந்தக் குதிரையின் எலும்புக்கூடே முன்பக்கம் உயர்ந்த அமைப்பு, இப்போது புட்டம் தூக்கலாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம். முழங்கை நன்றாகக் கீழே இருந்தால் அது வளர்ந்து சரியாகிற விஷயம் இல்லை. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சும்மா நிற்கிற குதிரையே தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் போட்டிருக்கும், மேலே ஆள் ஏறினால் இன்னும் கூடும். டிரெஸ்ஸாஜ் பயிற்சி முழுவதுமே அந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னங்காலுக்கு மாற்றுகிற வேலை. பிறவியிலேயே முன்பக்கம் சரிந்த குதிரையிடம் அதைக் கேட்டால் அது பாவம், ஒவ்வொரு நாளும் தன் உடம்போடு சண்டை போட வேண்டியிருக்கும்.

படம் எடுத்த தரையையும் பாருங்கள். விற்கிறவர்கள் குதிரையின் முன்னங்கால்களை மேடான பக்கம் நிறுத்தி எடுப்பது ரொம்பப் பழைய வித்தை. அடிவானமோ வேலிக்கம்போ சாய்ந்திருக்கிறதா, குளம்புகள் புல்லுக்குள் மறைந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். குளம்பு தெரியாத படத்தை வைத்துக் குதிரையை எடைபோடவே கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் கழுத்து. நீளம் எவ்வளவு என்பதைவிட, நெஞ்சிலிருந்து எந்த உயரத்தில் கிளம்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தின் கீழ்க்கோடு தோள் நுனிக்கு நன்றாக மேலே சேர வேண்டும். கீழ்ப்பக்கச் சதை புடைத்து, மேல்பக்கம் வித்தர்ஸுக்கு முன்னால் குழி விழுந்திருந்தால், அந்தக் குதிரை தலையைத் தூக்கி முதுகைத் தொங்கவிட்டே பழகியிருக்கிறது என்று அர்த்தம். தாடை எலும்புக்கும் கழுத்தின் முதல் எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் வைக்கிற இடம் இருக்கிறதா என்று தரகரைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே இடமே இல்லாத குதிரையைத் தலையை மடக்கச் சொன்னால் தாடை கழுத்தில் போய் முட்டும், வலிக்கும், அப்புறம் வாயைத் திறக்கிறது, நாக்கை வெளியே போடுகிறது என்று நாம் அதைத்தான் திட்டுவோம்.

இப்போது உங்களை மயக்கிய அந்த முன்னங்காலுக்கு வருகிறேன். வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். டிராட்டில் குறுக்குச் சோடியாகக் கால்கள் நகரும்: இடது முன்னங்காலோடு வலது பின்னங்கால், வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால். முன்னங்கால் முழுதாக நீண்டிருக்கிற நொடியில் படத்தை நிறுத்தி, அந்தச் சோடியின் பின்னங்கால் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கால்களின் கீழ்ப்பகுதியும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருந்தால் நல்லது. முன்னங்கால் அடிவானத்தைக் குறிவைத்து எறிய, பின்னங்கால் எங்கேயோ பின்னால் இழுபட்டு வந்தால், நீங்கள் பார்ப்பது நடையல்ல, பதற்றம். பிளாஸ்டிக் பையை ஆட்டி, சாட்டையைச் சொடுக்கி, ஆளை ஓடவிட்டு எந்த இளங்குதிரையையும் அப்படி ஐந்து நிமிடம் பறக்க வைக்கலாம். அந்த நேரத்தில் முதுகு பலகை மாதிரி விறைத்து வால் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும், கவனித்துப் பாருங்கள். டோட்டிலாஸ் என்ற புகழ்பெற்ற டச்சுக் குதிரை 2009-ல் லண்டனில் 92.30 சதவீதம் வாங்கி உலகத்தையே வாய்பிளக்க வைத்தபோது கூட, அதன் முன்னங்கால் வீச்சுக்குப் பின்னங்கால் ஈடுகொடுக்கவில்லை என்று ஒரு பெரிய வாதம் நடந்தது. டோட்டிலாஸுக்கே அந்தக் கேள்வி என்றால் மூன்று வயதுக் குட்டிக்கு ஏன் கேட்கக் கூடாது?

நிஜத்தில் மூன்று நடைகளில் டிராட்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியது. பயிற்சியில் அதிகம் மேம்படுவது அதுதான், சாதாரண டிராட் உள்ள குதிரை நல்ல கையில் நாலு வருடத்தில் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கேன்டர் ஓரளவுக்கு மேம்படும். வாக் மட்டும் பிறந்ததுதான், அதைக் கெடுக்கலாமே தவிர கூட்ட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது, ஆறு வயதுக் குதிரைகளுக்கான உலகப் போட்டியில் நடுவர்கள் போடும் மதிப்பெண் ஐந்து: வாக், டிராட், கேன்டர், கீழ்ப்படிதல், எதிர்காலம். டிராட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு வாக்குக்கும் உண்டு. ஆனால் விற்பனை வீடியோவில் வாக் எவ்வளவு நேரம் வருகிறது? உங்களுக்கு வந்ததில் பத்து வினாடி கூட இருக்காது என்று நினைக்கிறேன்.

எனவே தரகரிடம் இப்படிக் கேளுங்கள்: வெட்டாத, இசை சேர்க்காத, மெதுவாக ஓட விடாத வீடியோ. தளர்ந்த கயிற்றில் குதிரை நிதானமாக வாக் நடப்பதைப் பக்கத்திலிருந்தும், நேர் முன்னாலும், நேர் பின்னாலும் எடுத்து அனுப்பட்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன்னங்குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டி ஒன்றிரண்டு குளம்பு அகலம் முன்னால் பின்னங்குளம்பு விழ வேண்டும். தாளம் நாலு, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தாற்போல நகர்ந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், மற்றது எப்படி இருந்தாலும் சரி. ரொம்பப் பெரிய வாக்கும் எனக்குப் பயம்தான், அதைச் சுருக்கச் சொல்லும்போது தாளம் குலைகிற குதிரைகள் நிறைய. கேன்டரில் ஒவ்வொரு தாவலிலும் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து விழுந்து முன்பக்கம் எழும்புகிறதா, மூன்று தாளம் சுத்தமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் தானாகவே கால் மாற்றிக்கொள்கிற குட்டி என்றால் எனக்கு அதன் மேல் தனி ஆசை.

உங்கள் கோச் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். மூன்று வயதுக் குதிரையும் 15 வயதுப் பெண்ணும் ஒன்றாகக் கற்றுக்கொள்வது என்பது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் இரண்டு பேருக்கும் கஷ்டம். பத்து வயதைத் தாண்டிய, எல்லாம் தெரிந்த, சாதாரண அழகுள்ள குதிரை ஒன்று அதே விலையில் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் ஜெர்மனியிலே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். மே மாதத்தில் பிறந்த குட்டிகளில் எதை டிரெஸ்ஸாஜுக்கு வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முதலாளி பிறந்த சில நாளிலேயே சொல்லிவிட்டார். எனக்கு எல்லாக் குட்டியும் காலும் வாலுமாக ஒரே மாதிரித்தான் தெரியுது. உண்மையிலேயே அவ்வளவு சீக்கிரம் சொல்லலாமோ?

பதில்: தம்பி, முதலாளி சொல்வது வாய்ச்சவடால் இல்லை. மூன்று நாளில் பார், மூன்று மாதத்தில் பார், அப்புறம் மூன்று வயதில் பார், நடுவில் பார்க்காதே என்று வளர்ப்பவர்களிடையே ஒரு சொலவடை உண்டு. பிறந்த சில நாளில் குட்டியின் எலும்பு விகிதம் பெரும்பாலும் அது வளர்ந்தபின் இருக்கப்போகும் விகிதத்துக்குக் கிட்டவே இருக்கும். ஒரு வயதில் பார்த்தால் எல்லாம் கோணல்மாணலாகத் தெரியும், அந்த வயதில் எடுக்கிற முடிவுக்கு மதிப்பே இல்லை.

நீங்கள் பண்ணையிலேயே இருப்பதால் வாங்க வருகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கிறது, அவசரமில்லாமல் பின்னங்காலைப் பாருங்கள். ஸ்வீடனில் மிக்கேல் ஹோம்ஸ்ட்ரோம் என்ற கால்நடை மருத்துவர் 1990-களில் உயர்மட்ட டிரெஸ்ஸாஜ் குதிரைகளை அளந்து சாதாரணக் குதிரைகளோடு ஒப்பிட்டார். அதில் தெரிந்த முக்கியமான விஷயம் தொடை எலும்பு. அது இடுப்பிலிருந்து நன்றாக முன்னோக்கிச் சாய்ந்து இறங்கும் குதிரைகளுக்குப் பின்னங்கால் இயல்பாகவே உடம்புக்கு அடியில் நிற்கும், தாங்குவது எளிது. கண்ணால் பார்ப்பது எப்படி என்றால், ஸ்டைஃபிள் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வயிற்றுப் பக்கமாக முன்னால் தள்ளி, தாழ்வாக இருந்தால் தொடை எலும்பு நீளமும் சாய்வும் சரி. ஸ்டைஃபிள் மேலேயும் பின்னாலேயும் ஒதுங்கியிருந்தால் கால் குட்டையாக அடித்துப் போகும்.

அப்புறம் ஹாக், பின்னங்காலின் நடுவில் பின்னோக்கி முட்டிக்கொண்டு நிற்கும் மூட்டு. புட்டத்தின் கடைசி நுனியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது ஹாக்கின் பின்முனையைத் தொட்டு, அதற்குக் கீழே உள்ள எலும்போடு இறங்க வேண்டும். கால் அந்த நூலுக்குப் பின்னால் விலகி நின்றால் எனக்குப் பிடிக்காது, அப்படிப்பட்ட குதிரை உடம்பைத் தள்ளும், தாங்காது. கொஞ்சம் உள்ளே வந்து நின்றால் மன்னித்துவிடலாம். ஆனால் ஹாக் ரொம்ப நேராக, கம்பு நட்டது போல இருந்தால் எச்சரிக்கை: மடங்க இடம் இல்லாததால் பாரம் முழுக்க ஹாக்குக்குக் கீழே எலும்பின் பின்பக்கம் ஓடும் தசைநார்கள் மேல் விழும். டிரெஸ்ஸாஜ் குதிரைகளை வேலையிலிருந்து வெளியேற்றும் காயங்களில் பின்னங்கால் சஸ்பென்சரி தசைநார்க் காயம் முன்வரிசையில் இருக்கிறது. நேர்ஹாக் குதிரை இளமையில் அட்டகாசமாக ஆடும், அதனால்தான் ஆபத்து.

முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சந்திக்கும் இடம் இன்னொன்று. குதிரையின் முதுகில் மேலும் கீழும் கணிசமாக மடங்குகிற ஒரே இடம் அதுதான், கதவுக்குக் கீல் மாதிரி. இரண்டு இடுப்பு எலும்பு முனைகளையும் சேர்த்து மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தில் ஒரு சின்னப் பள்ளம் விரலுக்கு அகப்படும். பள்ளம் அந்தக் கோட்டுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருந்தால் இடுப்பு குட்டை, கட்டு உறுதி. நன்றாகப் பின்னால் இருந்தால் இடுப்பு நீளம், பின்பக்கத்தை அடியில் கொண்டுவர எப்போதும் சிரமப்படும். குட்டி படுத்து எழுந்திருக்கும்போதும் அம்மாவைச் சுற்றித் துள்ளும்போதும் பாருங்கள், சில குட்டிகள் திரும்பும்போது பின்னங்காலில் உட்கார்ந்து திரும்பும், சில முன்னங்காலை ஊன்றித் தடுமாறித் திரும்பும். முதலாளி பார்த்தது அநேகமாக இதைத்தான்.

கேள்வி: அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் இரண்டரை வயது மார்வாரி ஆண் குதிரை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கழுத்து வில் மாதிரி, காது இரண்டும் உள்ளே வளைந்து நுனி தொடுகிறது, அவ்வளவு லட்சணம். மேளத்துக்கு ஆடப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். இது டிரெஸ்ஸாஜுக்கு ஆகுமா? ஆடுகிற குதிரைக்கு டிரெஸ்ஸாஜ் சுலபம்தானே?
– ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். மேளத்துக்குக் கால் தூக்குவதும் பியாஃபேவும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். பியாஃபே என்றால் குதிரை புட்டத்தைத் தாழ்த்தி, ஹாக்கை மடக்கி, நின்ற இடத்தில் சீரான தாளத்தில் டிராட் செய்வது. நம் ஊர் ஆட்டத்தில் பெரும்பாலும் தலையைக் கடிவாளத்தால் உயர்த்திக் கட்டி, முதுகு குழிந்து, முன்னங்கால் மட்டும் மேலே போகும், பின்னங்கால் விலகி நிற்கும். எடை போகிற திசையே எதிர். இரண்டரை வயதில் இதைப் பழக்கினால் முதுகும் ஹாக்கும் என்ன பாடுபடும் என்பது தனிக் கதை. அதன் முன்கை எலும்பின் வளர்தட்டு மூடுவதே இரண்டு, இரண்டரை வயதில்தான். முதுகெலும்பில் ஐந்து வயதுக்கு மேல். வாங்குவதாக இருந்தால் இன்றே அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

மார்வாரியின் கழுத்து உயரமாகக் கிளம்புவது உண்மையிலேயே ஒரு கொடை. தைரியமான, வேகமாகக் கற்கிற குதிரை. பிரச்சினை இரண்டு இடத்தில். பல மார்வாரிகளுக்குப் புட்டம் செங்குத்தாக இறங்கி, முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் பின்பக்கம் மெலிந்திருக்கும். அடுத்தது ரேவால். ராஜஸ்தானில் ரேவால் நடை போகிற மார்வாரிக்குத்தான் மவுசு, ஏனென்றால் பாலைவனத்தில் மணிக்கணக்கில் போனாலும் சவாரிக்காரருக்கு முதுகு வலிக்காது. அந்த நடையில் ஒரே பக்கத்துக் கால்கள் சோடி சேரும். டிரெஸ்ஸாஜ் டிராட்டில் சேர வேண்டியது குறுக்குச் சோடி. இது பெரிதும் பிறப்பிலேயே வருவது. 2012-ல் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் இந்த மாதிரிப் பக்கவாட்டு நடைக்கும் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் ஒரு மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே சந்தையில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கயிற்றில் பிடித்து, நேராக முப்பது அடி வாக், அப்புறம் டிராட் ஓட்டச் சொல்லுங்கள். காலடிச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேளுங்கள். டிராட்டில் டக், டக் என்று இரண்டே சத்தம் வந்தால் மேற்கொண்டு பேசலாம். டகடக டகடக என்று நாலு சத்தம் உருண்டு வந்தால் அது அருமையான பயணக் குதிரை, அதை அப்படியே வைத்துக் கொண்டாடுங்கள்.

மாவட்ட, மாநில அளவில் ஆரம்பநிலைப் போட்டிகளுக்குச் சுத்தமான டிராட் உள்ள மார்வாரி தாராளமாகப் போதும். ஆசிய விளையாட்டுக் கனவு இருந்தால் வேறு பேச்சு, நம் அணி ஹாங்சோவில் ஏறியதெல்லாம் ஐரோப்பாவில் பயிற்சி பெற்ற குதிரைகளில்தான்.

கேள்வி: சுழி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக இருக்கிறார். நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தால் ஆகாதாமே?

பதில்: மாமனாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், பார்க்கட்டும். சுழிக்கும் கால் அமைப்புக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரு சுவாரஸ்யம்: நெற்றிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதற்கும் குதிரை வலப்பழக்கமா இடப்பழக்கமா என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அயர்லாந்தில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. கடிகாரச் சுற்றுச் சுழி உள்ளவற்றில் வலப்பக்கம் சாய்பவை அதிகமாம். டிரெஸ்ஸாஜில் இரண்டு பக்கமும் சமமாக வளைய வேண்டும் என்பதால், எந்தப் பக்கம் விறைப்பு என்று கண்டுபிடிக்க அது ஒரு சின்னத் துப்பு. அதற்கு மேல் இல்லை. இரட்டைச் சுழி என்று விலை குறைத்துக் கொடுத்தால் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வெள்ளைக் குளம்பு சீக்கிரம் உடையும் என்கிறார்களே?

பதில்: நிறத்தால் இல்லை. குளம்பு சமச்சீராக இருக்கிறதா, குதிகால் பகுதி ஒடுங்கியிருக்கிறதா, இரண்டு முன்னங்குளம்பும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று அகலமாகவும் மற்றது குறுகி நிமிர்ந்தும் இருந்தால் லாடம் அடிப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

கேள்வி: ரேஸிலிருந்து விலக்கிய நாலு வயது தரோபிரெட் ஒன்று கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கிறது. எங்கள் ரைடிங் பள்ளியில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். டிரெஸ்ஸாஜுக்குத் தரோபிரெட் ஒத்துவராது என்று எல்லோரும் சொல்கிறார்களே, மெய்யா?
– கல்லூரி மாணவி, சென்னை

பதில்: எல்லோரும் சொல்வதில் பாதி சோம்பேறித்தனம். ஹில்டா கர்னி என்ற அமெரிக்கப் பெண்மணி கீன் என்ற தரோபிரெட்டில் ஏறி 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அணி வெண்கலம் வாங்கியிருக்கிறார். சவாரி விளையாட்டுக்கென்றே வளர்க்கிற இன்றைய ஐரோப்பிய வார்ம்பிளட் இனங்களில் தரோபிரெட் இரத்தம் கலக்காதது கிடையாது. தரோபிரெட்டின் வாக் பொதுவாக நன்றாக இருக்கும், நீளமாக, தளர்ந்து நடக்கும், அது உங்களுக்கு லாபம். கேன்டரும் இயல்பாக வரும். டிராட் தட்டையாக, தரையைத் தடவிக்கொண்டு போகும். அது பரவாயில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கவனிக்க வேண்டியது வேறு. தரோபிரெட்டுக்கு வித்தர்ஸ் கூர்மையாக உயர்ந்திருக்கும், அதைப் பார்த்து முன்பக்கம் உயர்ந்த குதிரை என்று ஏமாந்துவிடாதீர்கள். அந்த மேடு முதுகெலும்பின் முட்கள்தான். முழங்கை, ஸ்டைஃபிள், கழுத்து கிளம்பும் இடம் ஆகியவற்றைப் பார்த்தால் உண்மை தெரியும். வேகத்துக்காக வளர்க்கப்பட்டதால் பல தரோபிரெட்டுகள் பின்பக்கம் உயர்ந்து முன்னால் சரிந்தவை. அப்படி இல்லாத ஒன்று உங்கள் ஊர் லாயத்தில் இருக்கலாம், தேட வேண்டும்.

ஓடி முடித்த குதிரை என்பதால் கால்களைக் கையால் தடவிப் பாருங்கள். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாரை மேலிருந்து கீழே விரலுக்கு நடுவில் பிடித்து வழித்தால், கயிறு மாதிரி நேராக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் புடைப்போ சூடோ இருந்தால் பழைய காயம். முதுகெலும்புக்கு இருபக்கமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போங்கள், சேணம் உட்காரும் இடத்தில் குதிரை சட்டென்று முதுகைத் தாழ்த்தி காதைப் பின்னால் மடக்கினால் முதுகெலும்பின் முட்கள் ஒன்றோடொன்று உரசுகிறதோ என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தரோபிரெட்டுகளில் அது அடிக்கடி வருகிறது. இதெல்லாம் சரி என்றால் ஆறு மாதம் மைதானத்தில் சும்மா விட்டுவிட்டு அப்புறம் அ, ஆ-விலிருந்து ஆரம்பியுங்கள். ரேஸில் கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகம் என்று அது கற்றுக்கொண்டிருக்கும், மறக்கடிக்கத்தான் முதல் வருடம் போகும்.

கேள்வி: குதிரை மருத்துவரிடம் என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும்? குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூட்டுகளை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்க்கும் பரிசோதனை, கண், இதயம், நுரையீரல், அப்புறம் எக்ஸ்ரே. இளங்குதிரைக்கு எக்ஸ்ரேயில் முக்கியமாகத் தேடுவது ஹாக்கிலும் ஸ்டைஃபிளிலும் வரும் ஓசிடி, அதாவது மூட்டில் எலும்பு சரியாக உருவாகாமல் சிறு துணுக்காகப் பிரிந்து நிற்பது. இருந்தாலே வேண்டாம் என்றில்லை, இடமும் அளவும் பார்த்து மருத்துவர் சொல்வார். இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வலிமருந்தோ மயக்கமருந்தோ கொடுத்துக் காட்டியிருந்தால் பின்னால் தெரிந்துவிடும். மருத்துவர் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும், விற்பவருடைய ஆள் அல்ல. பிற்காலத்தில் குட்டி போட வைக்கும் எண்ணம் இருந்தால் டபிள்யூஎஃப்எஃப்எஸ் மரபணுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் தோல் கிழிந்து பிழைக்காத குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு.

குணம் பற்றி ஒரே யோசனை: சொல்லாமல் போங்கள். நீங்கள் வரும் நேரம் தெரிந்தால் குதிரையை ஓட்டிக் களைக்க வைத்திருப்பார்கள். லாயத்தில் தீனிக்காக நிற்கும்போது, சைஸ் உள்ளே போய்க் கால் தூக்கும்போது, பழகாத இடத்துக்குத் தனியாக நடத்திப் போகும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயந்து துள்ளுவது பரவாயில்லை, எல்லா இளங்குதிரையும் துள்ளும். துள்ளிய பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்ப உங்களைப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. டிரெஸ்ஸாஜின் உச்ச நிலையான சர்வதேச கிராண்ட் ப்ரீயில் இறங்கக் குதிரைக்கு எட்டு வயதாவது ஆக வேண்டும், அதாவது மூன்று வயதில் வாங்கினால் ஐந்து வருடமாவது தினமும் வேலை. மூட்டு ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் காலையில் ஆளைப் பார்த்ததும் காது நிமிர்த்துகிற குதிரையைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: பெண் குதிரை வாங்கினால் மனநிலை மாறிக்கொண்டே இருக்கும், போட்டிக்கு ஆகாது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: உங்கள் நண்பர் டலேராவைப் பார்த்ததில்லை போல. டிரகேனர் இனத்துப் பெண் குதிரை, 2007-ல் பிறந்தது. யெஸ்ஸிகா ஃபான் பிரெடோ-வெர்ன்டில் அதன் மேல் ஏறி டோக்கியோவிலும் பாரிஸிலும் தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.